இருட்டும் முன் இருபது நிமிடம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை எஸ்.டி.பி.எம். பரீட்சை தேறியதும் அவள் அப்பா ஒரு கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பசியாறிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, ராத்திரிப் படம் எப்படி எடுக்கறதுன்னு சொல்லிக் குடுங்க. நான் எடுத்தா ஒண்ணு கறுப்பா இருக்கு, இல்லாட்டி எல்லாம் ஆடிப்போய் இருக்கு."

எனக்குப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பதினான்கு வருஷமாக ஷிப்டுக்குப் போகும் வழியிலும் விட்டு வரும் வழியிலும் மோட்டாரை ஓரங்கட்டிவிட்டுப் படம் எடுக்கிறவன். காசுக்கு எடுப்பதில்லை. சொந்தத்தில் கல்யாணம் என்றால் கேமராவை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போவேன், இல்லையென்றால் பந்தியில் உட்கார விடமாட்டார்கள். அந்தப் பிள்ளையை ஐந்தாறு வாரம் கூட்டிக்கொண்டு சுற்றியபோது சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன். கோலாலம்பூர், ஈப்போக்காரர்கள் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நேரக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நம் ஊர் அந்தி குட்டை

முதலில் நான் தோற்ற கதை. டிரைபாட் வாங்கிய புதிதில், சூரியன் மறைந்த பிறகு ஒரு மணி நேரம் நீல வெளிச்சம் நிற்கும் என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு, நிதானமாக ஒரு தே தாரேக் குடித்துவிட்டு, கடலுக்கு மேல் கால் ஊன்றிய வீடுகள் இருக்கும் வெல்ட் கீ ஜெட்டிக்கு 7.45க்குப் போய்ச் சேர்ந்தேன். டிரைபாட் காலை நீட்டி முடிப்பதற்குள் வானம் கரிச்சட்டியாகிவிட்டது. எடுத்த முப்பது படத்திலும் மஞ்சள் விளக்குப் புள்ளிகள், அதைச் சுற்றி ஒன்றுமில்லை.

பத்திரிகை பொய் சொல்லவில்லை. அதை எழுதியவர் ஊருக்கு அது சரி. வடக்கே போகப் போகச் சூரியன் சாய்வாக இறங்கும். அடிவானத்துக்குக் கீழே போன பிறகும் போக மனசில்லாத விருந்தாளி மாதிரி வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகைதான். இங்கே சூரியன் கிணற்றில் போட்ட கல் மாதிரி நேராக விழும். மறைந்து 20, 22 நிமிடத்தில் அந்தி முடிந்துவிடும். வானமும் தெருவிளக்கும் ஒரே அளவு வெளிச்சத்தில் நிற்கும் அந்த நீலம், மறைந்த பத்தாவது நிமிடத்தில் தொடங்கி இருபத்தைந்தாவது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. கடைசி ஐந்து நிமிடம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும், கேமராவுக்கு மட்டும் நீலமாகத் தெரியும். பலர் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பினாங்கில் ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது ஏறக்குறைய 7 மணிக்கும் 7.40க்கும் நடுவில். நவம்பரில் சீக்கிரம், ஜூலையில் தாமதம். உதிப்பது 7.05க்கும் 7.35க்கும் நடுவில். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூட பஸ் ஏறுவதற்குக் காரணம் 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அம்மாக்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். படம் எடுப்பவனுக்கு மட்டும் அது லாபம். 6.15க்கு எழுந்தால்கூட விடியலைப் பிடித்துவிடலாம்.

ஆகவே முதல் பாடம், சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் இடத்தில் இருப்பது. வெளிச்சம் இருக்கும்போதே எங்கே நிற்பது, எதை விடுவது என்று முடிவு செய்து டிரைபாட்டை ஊன்றிவிடுங்கள். அதன் பிறகு நகரக்கூடாது. அந்தப் பிள்ளை முதல் மாலை இருபது நிமிடத்தில் ஆறு இடம் மாறினாள். ஆறிலும் படம் இல்லை.

சுவரில் தொங்கும் நாட்காட்டி

கைபேசியில் நிலா உதயம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. இருக்கட்டும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி எனக்கு அதைவிடச் சுலபம். அமாவாசையும் பௌர்ணமியும் அதில் பெரிதாகப் போட்டிருக்கும். என் மனைவி விரதத்துக்குப் பார்ப்பாள், நான் படத்துக்குப் பார்ப்பேன்.

அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலு நாள், நட்சத்திரத்துக்கு. பௌர்ணமிக்கு முந்தின நாள், நிலா எழுவதற்கு. பௌர்ணமியன்று வேண்டாம். அன்று நிலா ஏறக்குறைய சூரியன் மறையும்போதுதான் எழும். அடிவானப் புகையிலிருந்து அது வெளியே வருவதற்குள் வானம் கறுத்து, நிலா வெறும் வெள்ளை ஓட்டை ஆகிவிடும். முந்தின நாள் முக்கால் மணி நேரம் போலச் சீக்கிரமே எழுந்துவிடும். நீலம் வரும்போது கைக்கு எட்டும் உயரத்தில், வரிகள் தெரிய நிற்கும். தீவின் கிழக்குக் கரையில் எங்கே நின்றாலும் எதிர்க்கரைப் பட்டர்வொர்த் விளக்குகளுக்கு மேலே அதைப் பார்க்கலாம்.

கடல் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே அதிகம். ஜெட்டிக்கு இறக்க நேரத்தில் போனால் சேறு, பிளாஸ்டிக், நாற்றம். ஏற்றத்தில் போனால் வீட்டுக் கால்களைத் தொட்டுக்கொண்டு தண்ணீர், அதில் விளக்கின் நிழல். இரண்டுக்கும் நடுவில் ஆறு மணி நேரம்தான்.

ஜெட்டியில் ஒரு மாலை, ஒரு விடியல்

சீனக் குலங்களின் ஜெட்டிகளில் சியூ ஜெட்டிதான் பெரியது, கூட்டமும் அங்கேதான். பலகை நடையின் கடைசி வரை போங்கள். மாலையில் திரும்பி ஊரைப் பாருங்கள். தகரக் கூரைகள், அதற்குப் பின்னால் கொம்தார் கோபுரக் கட்டடம், அதற்கும் பின்னால் சிவப்பு. விடியலில் கடலைப் பாருங்கள். ஒரே பலகையில் நின்று இரண்டு படம்.

கேமராவை இப்படி வையுங்கள். மேனுவல், எல்லாம் உங்கள் கையில். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, 100. அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 8; எண் குறைந்தால் திறப்பு பெரிது. ரா கோப்பு, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பு. இரண்டு வினாடி டைமர், ஏனென்றால் பட்டனை அமுக்கும் விரலே படத்தை ஆட்டிவிடும். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் விசை இருந்தால் டிரைபாட்டில் அதை அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் தேடி அது தானாக ஆடும் லென்ஸ்கள் உண்டு. தூரத்து விளக்கு ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, ஆட்டோவை நிறுத்தி, பிறகு அந்த வளையத்தைத் தொடாதீர்கள். நான் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன்.

இனி மாற்றுவது ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், ஒன்றுதான். நீலம் தொடங்கும்போது ஒன்று, இரண்டு வினாடி. அப்புறம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகும், நீங்கள் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும்: 2, 4, 8, 15. 30ஐத் தொடும்போது மாலை முடிந்தது. விடியலில் இதே ஏணியை மேலிருந்து கீழே இறங்குங்கள். படம் எடுத்ததும் திரையை நம்பாதீர்கள். இருட்டில் அது எல்லாவற்றையும் அழகாகவே காட்டும். வெளிச்ச அளவை மலை மாதிரி வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மலை வலது சுவரில் முட்டினால் விளக்குகள் வெந்துபோயிருக்கின்றன.

ஜெட்டிப் பலகையில் ஒரு தொல்லை உண்டு. யாராவது நடந்தால் முழுப் பலகையும் அதிரும். எட்டு வினாடி படத்துக்கு நடுவில் ஒரு குழந்தை ஓடினால் போதும். கால் மூன்றையும் பலகைக்கு நடுவில் இல்லாமல், கீழே தூண் தாங்கும் இடத்தில் வையுங்கள். ஆணிகள் வரிசையாகத் தெரியும் இடம் அதுதான். அப்புறம், அது கண்காட்சி இல்லை, வீடுகள். திறந்த கதவுக்குள் லென்ஸை நீட்டிவிட்டு 'கலாச்சாரம்' என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். உங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா நைட்டியோடு உட்கார்ந்து டிவி பார்க்கும்போது ஒருவன் வந்து எடுத்தால் விடுவீர்களா?

டிரைபாட் இல்லாதவர்களுக்கு: கைபேசியை அரிசிப்பையின் மேல் வைத்து, இரவு முறையில், மூன்று வினாடி டைமரில் எடுங்கள். ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் போட்டுத் தைத்தால் கேமராவும் அதில் உட்காரும். என் முதல் இரண்டு வருஷம் அந்தப் பைதான் டிரைபாட்.

தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலங்களுக்கு இன்னொரு குறிப்பு. 1985-இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014-இல் திறந்த இரண்டாவது 24 கிலோமீட்டர். நீளமாக இருப்பதால் இரண்டாவது நன்றாக வரும் என்று நினைக்க வேண்டாம். முதல் பாலத்தின் நடுவில் கம்பிகள் தாங்கும் கோபுரங்கள் கரையிலிருந்தே தெளிவாகத் தெரியும். குவீன்ஸ்பே கரையில் நின்றால் ஜூன் மாதத்தில் சூரியன் பாலத்தை ஒட்டி எழும், டிசம்பரில் தெற்கே விலகிப்போய்விடும். ஒரே இடத்துக்கு வருஷத்தில் இரண்டு தடவையாவது போகச் சொல்வது இதனால்தான்.

தெருவில், கையில் பிடித்து

லிட்டில் இந்தியாவில் டிரைபாட் வைத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள், திட்டு உங்களுக்கு. அங்கே கையில்தான். 35 மிமீ லென்ஸ், எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/100 வினாடி. மனிதர் நடந்தால் 1/100க்குக் கீழே போகாதீர்கள். நின்றால் 1/40 போதும். முழங்கையை விலாவில் ஒட்டி, அஞ்சடி நடைபாதைத் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு முடித்த இடத்தில் அமுக்குங்கள்.

வெளிச்சத்தைத் தேடாதீர்கள், வெளிச்சம் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள், ஆள் தானாக வருவார். மாலை கட்டும் கடையின் வெள்ளை டியூப், துணிக்கடைக் கண்ணாடி, ரொட்டி சானாய்க் கல்லுக்கு மேலே தொங்கும் பல்ப். நான் ஒரு பூக்கடைக்கு எதிரே நாற்பது நிமிடம் நின்று ஒரே ஒரு படம் எடுத்திருக்கிறேன். மழை விட்ட பத்து நிமிடத்தில் ஓடுங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அந்தப் பத்து நிமிடத்துக்குக் குறைவே இல்லை. கேமராவைத் தண்ணீர் தேங்கிய குழிக்கு ஒரு சாண் மேலே இறக்கினால் குயின் தெரு மாரியம்மன் கோபுரம் இரண்டாகும். 1833-இல் எழுந்த கோயில், தீவின் மிகப் பழைய இந்துக் கோயில். அதன் கோபுரத்தை அண்ணாந்து ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். குனிந்து எடுத்தவர்கள் குறைவு.

ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் நில்லுங்கள், எடுங்கள், போங்கள்.

தைப்பூசம்

இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் கேமராவோடு வந்து இறங்கும் நாள் இது. நாமோ நம் சொந்தத் திருவிழாவைக் கைபேசியில் குலுக்கலாக எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

வெள்ளி ரதம் 1894-இலிருந்து ஓடுகிறது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு தண்ணீர்மலைக்குப் போகும். 2017-இலிருந்து தங்க ரதமும் உண்டு. தேங்காய் உடைக்கும் இடங்களில்தான் என் கண் போகும். சீனக் குடும்பங்கள் மூட்டை மூட்டையாகக் குவித்து, பூஜை போட்டு, வாரி அடிப்பார்கள். தெருவே வெள்ளையாகிவிடும்.

தேங்காய் தெறிப்பதை நிறுத்த 1/500 வேண்டும். இருட்டில் அதற்கு எஃப் 2, ஐஎஸ்ஓ 6400. புள்ளி புள்ளியாக இருக்கும், கவலை வேண்டாம். அல்லது எதிர்த்திசையில் போங்கள்: 1/8. கைகள் ஆடிப்போகும், நிற்பவர் முகம் ஒன்று மட்டும் தெளிவாக நிற்கும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகை. பத்தில் ஒன்பது வீணாகும். தெருவிளக்கு உங்களுக்குப் பின்னால் இல்லாமல் எதிரே இருக்கட்டும். அப்போதுதான் தெறிக்கும் தண்ணீர் ஒளிரும்.

சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள். ஓட்டுச் சில்லு சிலிப்பரை அறுத்துவிடும். கேமராவுக்குப் பிளாஸ்டிக் பை, லென்ஸ் முனைக்கு ரப்பர் வளையம். தேங்காய்த் தண்ணீர் காய்ந்தால் பாகு. என் பழைய கேமராவின் ஷட்டர் பட்டன் அமுக்கினால் எழாமல் இரண்டு வாரம் கிடந்தது.

காவடி எடுப்பவர்களை எடுக்கும்போது பிளாஷ் வேண்டவே வேண்டாம். அலகு குத்தும் இடத்தில் முகத்துக்கு அருகே லென்ஸைக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் அவருடைய அம்மாவோ அக்காவோ வேல் வேல் என்று சொல்லிக்கொண்டு கண்ணீரோடு நிற்பார். அவரைப் பார்த்துத் தலையசைத்துக் கேளுங்கள். அவர் தலையசைத்தால் எடுக்கலாம். நான் எடுத்ததில் என் மனைவி சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரே படம் காவடியே இல்லாத படம்: காவடிக்காரர் காலுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு கை, வளையல், ஈரத் தார் ரோடு.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. மேலே ஏறினால் ஊர் விளக்குகள் விரிந்து கிடக்கும். சாதாரண நாளில், நீல நேரத்தில் போங்கள். டிரைபாட்டை விரிக்கும் முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூலமும் கேட்டையும்

நட்சத்திரம் பார்க்கத் தீவில் இருட்டு குறைவு. பாலிக் பூலாவ் வயல் பக்கம் பரவாயில்லை. நான் பெரும்பாலும் பாலம் தாண்டி, கெடாவில் யான் பக்கத்து வயல்களுக்குப் போவேன். மேலே 1,217 மீட்டரில் குனோங் ஜெராய் கரும்பூதமாக நிற்கும். கடாரத்துக்குக் கப்பலில் வந்தவர்களுக்கு அந்த மலைதான் அடையாளம் என்பார்கள். முன்புறத்துக்கு எனக்கும் அதுதான் அடையாளம்.

பால்வீதியின் நடுப்பகுதிதான் எல்லோருக்கும் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நமக்கு ஆங்கிலப் பெயர் தேவையில்லை. தெற்கே தேள் மாதிரி வளைந்த கூட்டம், அதில் சிவப்பாக மின்னுவது கேட்டை, வால் நுனியில் இருப்பது மூலம். மூலத்துக்குப் பக்கத்தில்தான் பால்வீதியின் நடு. பங்குனியில் விடியலுக்கு முன்னால், ஆனியில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், ஆவணியில் இரவு 8, 9 மணிக்கே அது தெற்கில் உச்சத்துக்கு வரும். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து 55 பாகை வரை ஏறும். வட தேசத்துக்காரர்களுக்கு அது மரக்கிளைக்கு மேலே எழாது. ஊர் வெளிச்சத்தைத் தாண்டி அது மேலே போவதால்தான் யானில் நின்றும் நமக்குக் கிடைக்கிறது.

நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க ஒரு கணக்கு: 500ஐ லென்ஸின் மிமீ அளவால் வகுத்தால் அதிகபட்ச வினாடி. சிறிய சென்சார் கேமரா என்றால் மிமீயை 1.5ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 18 மிமீக்கு 27, வகுத்தால் 18. நான் 15இல் நிறுத்துவேன். லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஐஎஸ்ஓ 3200. கேமராவோடு வரும் கிட் லென்ஸின் எஃப் 3.5 போதும்.

கோடாகவே வேண்டும் என்றால் முப்பது வினாடிப் படங்களை ஒரு மணி நேரம் விடாமல் எடுத்து ஒன்றாக அடுக்குங்கள். அதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது. வெளிநாட்டுப் படங்களில் வரும் வட்டச் சுழல் இங்கே வராது. துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து 5 பாகையில், மூட்டத்தில் புதைந்து கிடக்கிறது. கிழக்கே திருப்புங்கள். நட்சத்திரங்கள் தரையிலிருந்து நட்ட நேராக மேலே எழும், மழை தலைகீழாகப் பெய்கிற மாதிரி. அதை முதலில் திரையில் பார்த்தபோது ஏதோ தவறு என்று கேமராவைத் தட்டினேன்.

பத்து தடவை போனால் ஏழு தடவை மேகம் அல்லது புகைமூட்டம். கொசுத்தைலமும் ஃபிளாஸ்கில் காப்பியும் எடுத்துக்கொண்டு போங்கள். தனியாக வேண்டாம். வயல்காரர் டார்ச் அடித்தால் எழுந்து நின்று சலாம் சொல்லுங்கள்.

கொடிமலையும் நாகலிங்கமும்

பகலில் எடுக்க: கொடிமலைக்குக் காலை முதல் ரயிலில் ஏறுங்கள். மலை 833 மீட்டர். கயிறு இழுக்கும் அந்த ரயில் 1923-இலிருந்து ஓடுகிறது, இப்போதைய பெட்டிகள் 2011-இல் வந்தவை. காலையில் மேலே பனிமூட்டம் மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக் காட்டும். ஒன்பது மணிக்குக் கலைந்தால் ரொட்டி தின்னப் போகலாம்.

அங்கே இருக்கும் கறுத்த லோத்தோங் குரங்கின் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண்ணாடி போட்ட தலைமையாசிரியர் மாதிரி. குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். அது எப்போதும் வெளிறிய வானத்துக்கு முன்னால்தான் உட்காரும், ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒன்று, ஒன்றரை கூட்டுங்கள், இல்லாவிட்டால் நிழல்பொம்மைதான். பின்னால் ஓடாதீர்கள். கூட்டம் எந்த மரத்தை நோக்கித் தின்றுகொண்டே நகர்கிறது என்று பார்த்து, அதற்கு முந்திப் போய் உட்காருங்கள். தீனி கொடுக்கவே கொடுக்காதீர்கள். தண்ணீர்மலைப் பூங்காவில் யாரோ பழக்கிவிட்ட நீளவால் குரங்கு ஒன்று என் பையைத் திறந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய், கடித்துப் பார்த்து, பிடிக்காமல் ஓடையில் போட்டது.

1884-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் நாகலிங்க மரம் உண்டு. பூ கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே பூப்பதால் தொட்டுவிடும் தூரம். வெயிலில் எடுத்தால் இதழ் வெளுத்துப்போகும். மேகம் மூடும்வரை காத்திருங்கள். கீழேயிருந்து ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியைப் பிடித்தால் பூவுக்குள் தேங்கும் நிழல் நீங்கி, உள்ளே குவிந்திருக்கும் படம் விரித்த நாகம் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முதல் நல்ல படம் இந்தப் பூதான். மூடியைப் பிடித்தது நான்.

அருவிக்கு தித்தி கெராவாங். மழை பெய்த மறுநாள், மேகமூட்டத்தில், எஃப் 16, ஐஎஸ்ஓ 100, அரை வினாடி. தண்ணீர் பட்டாக வரும். அதற்கு மேல் நீட்டினால் பஞ்சு மிட்டாய். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகு அடித்துக்கொண்டு வந்தாலோ, டிரைபாட்டை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். அது கெப்பாலா ஆயர். மேலே பெய்த மழை மொத்தமாக வருகிறது.

பூஞ்சை

திருடனைவிட எனக்குப் பூஞ்சையைக் கண்டால்தான் பயம். 35 மிமீ லென்ஸை ஒரு தீபாவளி விடுமுறைக்குத் துணி அலமாரியில் வைத்துவிட்டு மூன்று மாதம் மறந்தேன். எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தால் உள்ளே சிலந்தி வலை. சுத்தம் செய்யக் கேட்ட காசில் இன்னொரு பழைய லென்ஸ் வாங்கிவிட்டேன். நம் ஊர் ஈரத்தில் தோல் பையும் அலமாரியும் லென்ஸுக்கு எமன். ரப்பர் மூடியிட்ட காற்றுப்புகாத டப்பா ஒன்று, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன வட்டக் கருவி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்துப் போடுங்கள், சமையல் வாணலியில் வேண்டாம். வாரம் ஒருமுறையாவது கேமராவை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுங்கள்.

ஏர்கோன் அறையிலிருந்து நேராக வெளியே போனால் லென்ஸ் மூடுபனி ஆகிவிடும். நீலம் பதினைந்து நிமிடம், பனி விலக அதில் பாதி போய்விடும். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள். துடைக்காதீர்கள், துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கடற்கரைக்குப் போய் வந்தால் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரித்தே காயவையுங்கள். உப்பு திருகாணியைத் தின்றுவிடும்.

ஆறாவது வாரம் எனக்கு இரவு ஷிப்ட். காலையில் மோட்டாரை நிறுத்தும்போது அந்தப் பிள்ளையின் வீட்டு வராந்தாவில் டிரைபாட் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஈரச் சிலிப்பர். கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஜெட்டிக்கா போன?"

"ஆமா மாமா. அப்பா கூட வந்தாங்க. ஆனா தண்ணி எறங்கிடுச்சு, சேறுதான். நாளைக்கு ஏத்தம் முக்கா மணி நேரம் தள்ளிப் போகும்ல? அப்ப இன்னும் மூணு நாள் கழிச்சுப் போனா விடியக்கால தண்ணி இருக்குமா?"

உள்ளே போய் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வந்து, நாலு நாள் என்றேன்.